600 மரமும் 6.0.2 செயலியும்

போன வாரம் காலை நிகழ்ச்சியில், இரண்டு பாட்டுக்கு நடுவே ஓர் அழைப்பு. பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா. விருப்பப் பாடல் கேட்கத்தான் எடுத்தார். பாட்டின் பெயரைச் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

"தம்பி, இன்னொன்னு கேக்கலாமா? பேங்க் செயலியைப் புதுசாக்கு, புதுசாக்குன்னு போன் சொல்லிக்கிட்டே இருக்கு. கீழே 6.0.2-ன்னு என்னமோ போட்டிருக்கு. மவன் சிங்கப்பூர்ல வேலை. அமுக்கலாமா, வேணாமா?"

"யாராவது புலனத்தில அனுப்பினாங்களா, இல்ல பிளே ஸ்டோர்லயே காட்டுதாம்மா?"

"ஸ்டோர்லதான்."

"அப்ப அமுக்குங்க" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டேன். வானொலியில் அதற்கு மேல் நேரம் கிடையாது. ஆனால் அந்த 6.0.2-ஐப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்த அம்மா யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. (நேயர்கள் யாரும் எதுவும் கேட்காவிட்டால் எனக்கு வேலை இருக்காது என்பது வேறு கதை.) அதனால் இந்த வாரம் அந்த மூன்று எண்களைப் பற்றி.

மென்பொருள் செய்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய பதிப்பு வெளியிடும்போது புள்ளி வைத்துப் பிரித்த மூன்று எண்களை அதன்மேல் ஒட்டுவார்கள். பழைய லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஒழுகுகிறது, ஒரு தகரத்தை மாற்றுகிறோம். அதுதான் கடைசி எண். பின்னால் ஓர் அடுப்படியை இழுத்துக் கட்டுகிறோம், ஆனால் பழைய வீடு அப்படியே இருக்கிறது. அது நடு எண். வீட்டையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம், வாசல் திசை மாறுகிறது, பழைய சாவி சேராது. அது முதல் எண். ஆக 6.0.2 என்றால், ஆறாவது முறையாகக் கட்டிய வீடு, இன்னும் அறை எதுவும் கூட்டவில்லை, அதற்குள் இரண்டு முறை ஒழுகலை அடைத்துவிட்டார்கள். "இப்போதுதான் பெரிய மாற்றம் வந்திருக்கிறது, வந்ததும் இரண்டு பழுது பார்த்திருக்கிறார்கள்" என்ற செய்தி முழுவதும் அந்த மூன்று எண்ணுக்குள் இருக்கிறது.

இதை எழுத்தில் விதியாக வகுத்தவர் கிட்ஹப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர். அந்த விதிக்கும் பதிப்பு எண் உண்டு. 2013-இல் வந்த 2.0.0-தான் இன்றைக்கும் ஐடி துறையில் பலர் கைக்கொள்வது.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் புள்ளி நாம் பள்ளியில் படித்த தசமப் புள்ளி இல்லை. 1.9-க்கு அடுத்து 2.0 வரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது, 1.10 வரலாம். அது 1.9-ஐவிடப் புதியது, பெரியது. ஐந்தாம் ஆண்டு கணிதம் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வரும். வீட்டு எண்போலப் படித்துக்கொண்டால் சரியாகிவிடும். ஒன்றாவது தெருவில் ஒன்பதாவது வீடு, அதற்கு அடுத்தது பத்தாவது வீடு.

இதெல்லாம் கம்ப்யூட்டர்க்காரர்கள் சமாச்சாரம் என்று நெகிரி செம்பிலானில் இருப்பவர்கள் ஒதுங்க முடியாது. பதிப்பு எண்ணோடு வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. லாபுவிலும் ரந்தாவிலும் சிலியாவிலும் பால்மரம் வெட்டிய எந்தத் தாத்தாவிடமும் "600" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தாத்தா அதை "சிக்ஸ் அண்ட்ரட்" என்பார். ஊரிலிருந்து வந்த உறவினர் பெயரைச் சொல்வதுபோல் இருக்கும்.

ஆர்.ஆர்.ஐ.எம். 600. முதல் நான்கு எழுத்தும் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1925-இல் சட்டம் போட்டு உருவாக்கிய நிலையம் அது. சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. அங்கே ஒரு மரத்தின் ஆண் பூவை எடுத்து இன்னொரு மரத்தின் பெண் பூவில் கையாலேயே சேர்ப்பார்கள். நூறு பூவில் சேர்த்தால் சில காய்கள்தான் தங்கும். அந்த விதையில் முளைத்த கன்றுகளை வளர்த்து, பால் அளந்து, நல்லதாக ஒன்றிரண்டைப் பொறுக்கி, அவற்றின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்குவார்கள். பிறகு பல ஊர்களில் நட்டு, காற்று, நோய், பால் எல்லாம் பார்த்து, "இனி நடலாம்" என்று சொல்ல இருபது ஆண்டுக்கு மேல்கூட ஆகும்.

1928 முதல் 1931 வரை சேர்த்தவற்றில் தேறியவை 500 வரிசை. 1937 முதல் 1941 வரை சேர்த்தவை 600 வரிசை. போர் முடிந்து 1947-இல் மறுபடி தொடங்கியவை 700. நூறாம் இடத்து எண் தலைமுறையைச் சொல்கிறது, மற்ற இரண்டும் அந்தத் தலைமுறையில் எந்தப் பிள்ளை என்று சொல்கின்றன. 600-உம் 623-உம் ஒரே காலத்துப் பிள்ளைகள். 501 அவர்களுக்கு மூத்தது. மென்பொருளின் முதல் எண்ணும் அடுத்த எண்ணும் செய்கிற வேலைதான் இது. தேர்வு செய்யாத விதைக்கன்று மரங்கள் ஆண்டுக்கு ஹெக்டருக்குச் சுமார் 500 கிலோ கொடுத்த காலத்தை 600 வந்து மாற்றிப்போட்டது. தாய்லாந்தில் அந்த ரகம்தான் நாடு முழுவதும் பரவி நிற்கிறது.

600-க்குத் தாய் ஜாவாவிலிருந்து வந்த ட்ஜிர் 1. தந்தை பி.பி. 86. தாயின் இன்னொரு வாரிசு இந்தியாவில் இருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் வைத்திருப்பவர்களிடம் "105" என்றால் போதும், அங்கே அதுதான் ராஜா. கோட்டயத்து ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. அதற்கும் தாய் ட்ஜிர் 1-தான். சிரம்பான் மரமும் மார்த்தாண்டம் மரமும் ஒரு தாய் வழி என்பதை ஊர் வரலாறு யாரும் சொல்லவில்லை, எண்தான் சொல்கிறது.

பி.பி. என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது பிராங் பெசார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம். "பெரிய போர்" என்ற மலாய்ப் பொருளிலேயே பெயர் வைத்தார்கள். அந்தத் தோட்டத்தில் பிறந்த ரகங்களுக்குப் பி.பி. 86, பி.பி. 5/51, பி.பி. 260 என்று பெயர். 1990-களில் அந்த மண்ணில்தான் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசாரிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். லயம் இல்லை, கோயில் இடம் மாறியது, நிலப்படத்தில் பெயரும் மாறிவிட்டது. ஆனால் பி.பி. 260 நட்ட எந்தத் தோட்டத்தின் ஏட்டிலும், எந்த நாட்டிலும், அந்த இரண்டு எழுத்து இன்னும் இருக்கிறது.

எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை? சாதாரணக் கண்ணுக்கு ரப்பர் கன்று எல்லாம் ஒன்றுதான். இலையடுக்கைப் பார்த்தும் விதை ஓட்டின் கோலத்தைப் பார்த்தும் ரகம் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள் என்றாலும், தோட்டத்துக்கு ஆதாரம் நாற்றங்கால் ஏட்டில் எழுதிய எண்தான். அது தவறினால் ஆறேழு ஆண்டு கழித்துக் கத்தி வைக்கும்போதுதான் தெரியும். தெரிந்தும் பயனில்லை, மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டு அங்கேதான் நிற்கும். கூடுதல் பாலுக்குக் கூடுதல் காசு என்ற கணக்கில் வெட்டியவர்களுக்கு, காலையில் பெரட்டுக்களத்தில் எந்த நிரை கிடைக்கிறது என்பதோடு அந்த மாத மளிகைக் கடனும் ஒட்டியிருந்தது. ஆகவே மரத்தின் எண் கிராணியின் கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் விஷயமாக இருந்ததே இல்லை.

இன்னொரு ஏற்பாடும் எனக்குப் பிடிக்கும். ஆராய்ச்சி நிலையம் அந்தக் காலத்தில் ரகங்களை வகுப்பு பிரித்துத்தான் பரிந்துரைத்தது. முதல் வகுப்பு என்றால் பெரிய அளவில் நடலாம். இரண்டாம் வகுப்பு என்றால் ஓரளவுக்கு. மூன்றாம் வகுப்பு என்றால் ஒரு சின்னத் துண்டில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், முழுத் தோட்டத்தையும் பணயம் வைக்காதீர்கள். ஐடி-யில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் ஸ்டேபிள், பீட்டா, ஆல்ஃபா என்று சொல்வதும் இதேதான். முதல் எண் பூஜ்யமாக இருக்கும் மென்பொருள், அதாவது 0.8, 0.9 என்று வருவது, மூன்றாம் வகுப்பு மரம். ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாம், அதை நம்பி அம்மாவின் சேமிப்பை வைக்கக் கூடாது.

எண்ணின் அருமை நல்ல நாளில் தெரியாது. இலங்கையில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்று ஒரு ரகம். பால் நன்றாகக் கொடுக்கும் என்று பரிந்துரைத்தார்கள், தோட்டங்கள் நட்டன. 1980-களில் கோரினெஸ்போரா என்ற இலைநோய் வந்து அந்த ரகத்தைக் குறிவைத்ததுபோல் அடித்தது. ஒட்டுக்கட்டிய மரம் எல்லாம் உண்மையில் ஒரே மரம்தானே, ஒன்றுக்கு வருவது எல்லாவற்றுக்கும் வரும். ஏராளமான மரங்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று, பரிந்துரையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு தோட்டத்துரையும் கேட்ட முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: நம்மிடம் இருப்பது 103-ஆ, வேறா? ஏடு சரியாக இருந்தவனுக்கு விடை ஒரு நிமிடத்தில். ஏடு இல்லாதவன் மரம் மரமாக அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இதே காட்சி 2021 டிசம்பரில் உலகம் முழுவதும் கணினி அறைகளில் நடந்தது. லாக்ஃபோர்ஜே என்று ஒரு சின்ன மென்பொருள். பெரிய மென்பொருள்கள் தம் நாட்குறிப்பை எழுத உள்ளே வைத்திருக்கும் கருவி அது. வெளியே பெயர் தெரியாது. அதில் ஓர் ஓட்டை தெரியவந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தூரத்திலிருந்தே உங்கள் கணினியை ஆட்டிவைக்கலாம் என்ற அளவுக்குப் பெரிய ஓட்டை. உடனே 2.15.0 வந்தது. அது போதவில்லை என்று 2.16.0. பிறகு 2.17.0. ஆண்டு முடிவதற்குள் 2.17.1. ஒரே மாதத்தில் நான்கு. அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுக்கு வராத ஐடி பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். அத்தனை பேரும் இரவெல்லாம் தேடியது ஒரே விஷயத்தைத்தான்: நம்மிடம் இருப்பது எந்த எண்? பாதுகாப்பு எச்சரிக்கைகள் எல்லாம் "இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள்" என்ற ஒரே பாணியில்தான் வரும். எண் தெரியாதவனுக்கு எச்சரிக்கை இருந்தும் இல்லாததுபோல.

தோட்டத்தில் மரத்துக்கு மட்டும் எண் இல்லை, காட்டுக்கும் உண்டு. நட்ட ஆண்டையே பெயராக வைப்பார்கள். 1958-இல் நட்டது 58. அதே ஆண்டு இரண்டு துண்டு நட்டால் 58 ஏ, 58 பி. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. இதில் ஒரு வசதி, மரத்தின் வயதை யாரையும் கேட்க வேண்டாம். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் இந்த வழியில்தான் போகிறது. அதன் முதல் வெளியீடு 4.10. நான்கு புள்ளி பத்து இல்லை, 2004-ஆம் ஆண்டு பத்தாம் மாதம். 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஆப்பிள் நிறுவனம்கூட 2025-இல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஐபோன் இயங்குதளம் 18-இலிருந்து ஒரே தாவலில் 26-க்குப் போனது. நடுவில் ஏழு பதிப்புகள் தொலைந்துபோகவில்லை, வரும் ஆண்டின் எண்ணை வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் சாதாரண வீட்டுக்கு இதுதான் நல்ல முறை. "உங்கள் போனில் இருப்பது 2019" என்றால் பாட்டிக்கும் புரியும்.

ஊர்ப் பெயரில் எண் வரும்போதுதான் குழப்பம். லாபுவில் தமிழ்ப்பள்ளிகளின் பெயரிலேயே தோட்டத்தின் பிரிவு எண் இருக்கிறது, லாபு தோட்டம் பிரிவு 1, பிரிவு 4 என்று. அங்கே 4 வந்ததால் 1 பழையதாகிவிட்டது என்று பொருளில்லை, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள். அதே மாநிலத்தில் சிரம்பான் 2, சிரம்பான் 3 என்று குடியிருப்புகளும் வந்துவிட்டன. நல்லவேளை, பழைய சிரம்பானை யாரும் "இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை" என்று மூடவில்லை.

எண் வறட்டுத்தனமாக இருக்கிறது என்று பெயர் வைக்கப் போனவர்களும் உண்டு. ஆண்ட்ராய்டு 2009-இல் 1.5-க்குக் கப்கேக் என்று பெயர் வைத்தது. அங்கிருந்து ஆங்கில அகரவரிசைப்படி இனிப்பு இனிப்பாகப் போனது. கிட்கேட், லாலிபாப், மார்ஷ்மெல்லோ, நூகட், ஓரியோ, பை. 2019-இல் பத்தாம் பதிப்புக்கு வந்தபோது, இனி வெறும் எண் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். கூகுள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. சில மொழிக்காரர்களுக்கு எல், ஆர் இரண்டும் காதில் ஒன்றாகக் கேட்கிறது, சில ஊர்களில் பை என்பது இனிப்பே இல்லை, மார்ஷ்மெல்லோவை ருசித்திராத ஊர்களும் உண்டு. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் மைக் முன்னால் பிரித்துச் சொல்லிச் சம்பாதிப்பவன் என்ற முறையில் இந்தக் காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதோடு, லாலிபாப் பெரியதா ஓரியோ பெரியதா என்று எந்தப் பெரியம்மாவுக்குத் தெரியும்? 5 சின்னது, 8 பெரியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

மரத்திலும் இது நடந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 3001 என்ற ரகத்துக்கு "குளோன் 1 மலேசியா" என்று பெயர் சூட்டினார்கள். முழக்கம் ஆட்சியோடு போய்விட்டது. மரம் இன்னும் நிற்கிறது, 3001 என்றே நிற்கிறது. விளம்பரத்துக்காக எண்ணை வளைப்பதும் இப்படித்தான். 95, 98, 2000 என்று ஆண்டைப் பிடித்துப் போன விண்டோஸ், பிறகு எக்ஸ்பி, விஸ்டா என்று பெயருக்குத் தாவி, 7, 8 என்று எண்ணுக்குத் திரும்பி, 9-ஐ விட்டுவிட்டு 2015-இல் 10-க்குக் குதித்தது. இதில் எது புதியது என்று கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் சில வாரத்துக்கு ஒருமுறை முதல் எண்ணையே ஏற்றுகின்றன. இரண்டும் 2022-இல் நூறைத் தொட்டன. மூன்று இலக்கத்தைப் பார்த்திராத சில இணையத்தளங்கள் 100-ஐ 10 என்று படித்துவிடுமோ என்று முன்கூட்டியே சோதனை ஓட்டம் நடத்த வேண்டியிருந்தது. இவற்றில் முதல் எண் "நாள் ஓடுகிறது" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வீடு இடிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

எண் வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தவர் டொனால்டு நூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர். கணிதப் புத்தகங்கள் அச்சிட டெக் என்று ஒரு மென்பொருள் எழுதினார். அதன் பதிப்பு எண் பை. வட்டத்தின் பை. ஒவ்வொரு முறை பிழை திருத்தும்போதும் ஓர் இலக்கம் கூட்டுவார். 3.14, 3.141 என்று போய், 2021-இல் 3.141592653-இல் வந்து நின்றது. தாம் இறந்த பிறகு யாரும் தொடக் கூடாது, அன்றைக்கு எண்ணை முழுப் பையாக்கிவிடுங்கள், மிச்சம் இருக்கும் பிழையெல்லாம் அதன் இயல்பாகிவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார். வங்கிச் செயலி இப்படி இருந்தால் நாம் தாங்க மாட்டோம், ஆனாலும் இந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு ஐந்து பாதுகாப்பு நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணை விட்டுவிட்டு இன்னும் பத்திரமான முறைக்கு மாற வேண்டும், ஒரு கணக்கை ஒரே கருவியில்தான் உறுதிப்படுத்த வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதனால் செயலி இல்லாமல் இணைய வங்கிச் சேவை நடக்காது என்ற நிலை வந்துவிட்டது. செயலிக்கோ குறைந்தது இந்த ஆண்ட்ராய்டு எண்ணாவது வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மகன் மாற்றிவிட்டுக் கொடுத்த பழைய போனை வைத்திருக்கும் தோட்டத்து அம்மாக்களுக்கு ஒருநாள் "உங்கள் கருவியில் இது இயங்காது" என்று வரும். அது அவர்கள் செய்த கோளாறு இல்லை. செயலி வீட்டை இடித்துக் கட்டிவிட்டது, பழைய சாவி சேரவில்லை.

இந்தப் பதற்றத்தில்தான் திருடன் நுழைகிறான். "உங்கள் செயலியின் புதிய பதிப்பு" என்று புலனத்தில் ஒரு கோப்பு வரும். கல்யாணப் பத்திரிகை என்றும் வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்து இருக்கும். திறந்து நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அவன் படிப்பான், கணக்கு காலியாகும். அந்தக் கோப்பின்மேலும் அழகாக ஓர் எண் போட்டிருப்பான், யார் வேண்டுமானாலும் போடலாம். அதனால் எண்ணைப் படிப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய தோட்டத்தில் சந்தையில் கூவி விற்ற கன்றை வாங்கி 600 என்று நம்பி யாரும் நடவில்லை, நம்பிக்கையான நாற்றங்காலிலிருந்துதான் வந்தது. போனில் அந்த நாற்றங்கால் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர். புதுப்பிப்பு அங்கே காட்டவில்லை என்றால் அது புதுப்பிப்பே இல்லை. ஏற்கெனவே அமுக்கிவிட்டு, பணம் போனதுபோல் தெரிந்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

ஸ்டோரிலேயே காட்டுகிறது என்றால்? கடைசி எண் மட்டும் மாறியிருந்தால் உடனே அமுக்குங்கள். பெரும்பாலும் ஓட்டை அடைத்த வேலைதான், தள்ளிப்போட்டால் நமக்குத்தான் ஆபத்து. நடு எண் மாறினாலும் அமுக்கலாம், ஒரு பொத்தான் இடம் மாறியிருக்கும், பழகிவிடும். முதல் எண் மாறினால் கடவுச்சொல் நினைவிருக்கிறதா, மின்னூட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வீட்டில் ஆள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை செய்யுங்கள். தவணை கட்ட வேண்டிய கடைசி நாள் காலையில் வேண்டாம். எல்லா நிறுவனமும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்புக்குக் கீழே "என்ன புதியது" என்று ஒரு பத்தி இருக்கும், இரண்டு வரிதான், படித்துவிடலாம். வீட்டுப் பிள்ளைகளின் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதையும் கையோடு கவனியுங்கள்.

அடுத்த முறை கம்பத்துக்கோ தோட்டத்துக்கோ போகும் பிள்ளைகள், சாப்பிட்டு முடித்ததும் அப்பா அம்மாவின் போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய்த் "தொலைபேசியைப் பற்றி" என்ற இடத்தைத் திறங்கள். அங்கே ஆண்ட்ராய்டின் எண் இருக்கும், பக்கத்திலேயோ உள்ளேயோ பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியும் இருக்கும். ஆண்டும் மாதமும் போட்டு, 58 ஏ காட்டைப்போல. அந்தத் தேதி 2021 என்று காட்டினால் அன்றிலிருந்து அந்த வீட்டுக் கூரையை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அப்படியானால் வங்கிக் கணக்கை அந்தப் போனிலிருந்து எடுத்துவிட்டு, பாட்டும் படமும் புலனமும் மட்டும் வைத்துக்கொடுங்கள். புதிது வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு தருவீர்கள் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் உயர்விலைப் போன்களுக்கு ஏழு ஆண்டு தருகின்றன. மலிவு விலைப் போன்களில் இது இரண்டு மூன்றாக இறங்கும், சிலவற்றில் பெட்டியின்மேல் எழுதியே இருக்காது. எழுதியில்லை என்றால் கடைக்காரரை எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீதின் பின்பக்கத்தில் இடம் இருக்கும்.